கஷ்டப்பட்டு சுட்டாத்தான் பலகாரமா?

டிஸ்கி: இது சமையல் குறிப்பு இல்லை. நடுவுல ஒரு சமையல் குறிப்பு வரும், அவ்வளவுதான். அச்சு முறுக்கு ரசிகர்கள் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் அடிக்க வாங்க.

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஒரு சின்ன யுத்தம். காரணம், நான் செஞ்ச ஒரு தட்டு பிஸ்கட்.

அமெரிக்காவுல இதை சுகர் குக்கி பார்னு சொல்றாங்க. ('பார்'னு சொன்னதும் டாஸ்மாக் பக்கத்துல இருக்கறது ஞாபகம் வந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை.) அங்கே கிறிஸ்துமஸ் வந்தா பிஸ்கட் மாவைத் திரட்டி, நட்சத்திரம், மரம், மணின்னு அச்சுல வெட்டி, ஒவ்வொண்ணா சுட்டு, ஒவ்வொண்ணா மேல கலர் சர்க்கரை பூசுவாங்க. அது அவங்க ஊரு அச்சு முறுக்குன்னு வச்சுக்கோங்க, நாள் பூரா முதுகை ஒடிக்கும். பார்ங்கறது அதுக்கு ஒரு குறுக்கு வழி. அதே மாவை ஒரே தட்டுல அமுக்கி, ஒரே தடவை சுட்டு, மேல ஃப்ராஸ்டிங்கைத் தடவி, நம்ம மைசூர்பாகு மாதிரி சதுரமா வெட்டிடறது. சோலி முடிஞ்சுது.

"இந்த வருஷம் பலகாரத் தட்டுல இதை வைப்போம்"னு சொன்னேன். அங்கே ஆரம்பிச்சது.

அத்தை ஒரு துண்டை எடுத்துப் பாத்துட்டு, "என்னல இது? பலகாரம் சுடாம பிஸ்கட்டைச் சுட்டு வச்சிருக்க? நாலு வீட்டுக்குக் குடுத்தா சிரிக்க மாட்டாவ?"ன்னாங்க. பெரியப்பா நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, கையில காப்பியோட, தீர்ப்பே சொல்லிட்டாங்க: "கஷ்டப்பட்டு செஞ்சாத்தாம்ல அதுல ஒரு ருசி இருக்கும். உங்க ஆச்சி உரல்ல இடிச்சுல்லா அதிரசம் சுடுவா!"

அம்மா, "விடுங்க மதினி, பிள்ள ஆசையா செஞ்சிருக்கான்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

பெரியப்பா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அந்த ஒரு வாக்கியத்தை என்னால விட முடியலை. கஷ்டப்பட்டு செஞ்சாத்தான் ருசின்னா, யார் கஷ்டப்பட்டு? யாருக்கு ருசி? இந்த ரெண்டு கேள்வியையும் கேட்காம அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியுதுன்னா, சொல்றவரு சாப்பிடுற பக்கத்துல உக்காந்திருக்காருன்னு அர்த்தம். நானும் இருபது வருஷமா அந்தப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அதனாலதான் அந்த நாற்காலி எவ்வளவு சொகுசா இருக்கும்னு எனக்குத் தெரியும்.

போன கிறிஸ்துமஸ்

எங்க ஊரு பாளையங்கோட்டை. கிறிஸ்துமஸ் அன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு ஆராதனை. அம்மா சின்ன வயசுலேர்ந்து சர்ச் பாடகர் குழுவுல பாடுறவங்க. வருஷம் பூரா அவங்க காத்துக்கிட்டு இருக்கறது அந்த ஒரு காலைக்குத்தான்.

2024 டிசம்பர் 25. அம்மா குழுவோட நிக்கலை, பின் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. இடுப்பு வலி, நிக்க முடியலை. மணிக்கட்டுல எண்ணெய் தெறிச்ச கொப்புளம். எல்லாரும் எழுந்து நின்னு பாடுறாங்க, அம்மா சுவத்துல தலையைச் சாச்சுத் தூங்கிட்டாங்க. நான் எழுப்பலை. எழுப்பினா எந்த முகத்தோட எழுப்புறது? 24-ஆம் தேதி ராத்திரி அவங்க முந்திரிக்கொத்து சுட்டுக்கிட்டு இருந்தப்ப நான் ஹால்ல படம் பாத்துக்கிட்டு, நடுவுல வந்து சூடா நாலு எடுத்துட்டுப் போனவன்.

முந்திரிக்கொத்துன்னா என்னன்னு தெரியாத வடக்கத்திக்காரங்களுக்கு (மதுரைக்கு வடக்கே எல்லாம் எங்களுக்கு வடக்குதான் :-) ) ஒரு சின்ன விளக்கம். சிறுபயறை வறுக்கணும். கொரகொரன்னு உடைக்கணும். தேங்காயை வறுக்கணும். கருப்பட்டிப் பாகு காய்ச்சணும், அதுல பதம் தப்பினா எல்லாம் போச்சு. கை பொறுக்குற சூட்டுல உருண்டை பிடிக்கணும், ஆறினா பிடிக்க வராது. அப்புறம் அரிசி மாவுல முக்கி, ரெண்டு மூணு உருண்டையை ஒட்டினாப்ல எண்ணெயில விட்டு எடுக்கணும். அச்சு முறுக்கு இன்னும் மோசம். அச்சு எண்ணெயில நல்லா காயணும், மாவுல முக்கால்வாசிதான் முங்கணும், மேல ஏறிட்டா முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. ஒண்ணொண்ணா, ஒண்ணொண்ணா, இருநூறு. அடுப்பை விட்டு ஒரு நிமிஷம் நகர முடியாது.

பி.காம். மாணவனின் கணக்கு

படிக்கிறது காமர்ஸ். காஸ்ட் அக்கவுண்டிங்ல முதல் பாடமே ஒரு பொருளோட அடக்க விலை எப்படிப் போடறதுன்னுதான். மெட்டீரியல், லேபர், எக்ஸ்பென்ஸ். மூணும் சேந்தாத்தான் காஸ்ட். இதைப் பரீட்சையில எழுதாதவன் பாஸாக முடியாது.

சரி, எங்க வீட்டுக் கணக்கைப் போடுவோம். போன வருஷம் சாமான் வாங்கினது நான்தான், சீட்டு இன்னும் பர்ஸ்ல இருக்கு. எண்ணெய், மாவு, பயறு, கருப்பட்டி, தேங்காய் எல்லாம் சேத்து 1,400 ரூபாய். அப்பா பெருமையா சொன்னாங்க: "இதே பலகாரம் கடையில வாங்கினா 2,500 ஆகும். வீட்டுல செஞ்சதால 1,100 மிச்சம்."

இப்ப லேபர். அம்மாகிட்டயே உக்காந்து கேட்டு எழுதினேன். அச்சு முறுக்கு 5 மணி நேரம். முந்திரிக்கொத்து 6. அதிரசம், மாவு இடிக்கிறதுலேர்ந்து, 4. கை முறுக்கு 3. மொத்தம் 18 மணி நேரம். எங்க தெருவுல விசேஷ வீட்டுச் சமையலுக்கு உதவியாப் போற அக்கா ஒருத்தங்க எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் வாங்குறாங்க. அந்தக் கணக்குல 18 மணி நேரத்துக்கு 1,350.

1,400-ம் 1,350-ம் 2,750. கடை விலையை விட 250 ரூபாய் ஜாஸ்தி. அப்பா சொன்ன அந்த 1,100 ரூபாய் மிச்சம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா? அம்மா இடுப்புலேர்ந்து வந்துச்சு.

"தாயோட பாசத்துக்குக் கூலி போடுறியா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. பாசத்துக்கு நான் விலை போடலை. பாசம்னு பேரு வச்சு நாம லேபர் பத்தியில பூஜ்யம் போடறோமே, அதைத்தான் கேட்கிறேன். பாடத்துல இதுக்கு இம்ப்யூட்டட் காஸ்ட்னு பேரு. கையிலேர்ந்து காசு போகாது, அதனால கணக்குப் புத்தகத்துல ஏறாது. ஆனா முடிவு எடுக்கறப்ப இதைப் பாக்காம விட்டா முடிவு தப்பாகும். சொந்தக் கட்டடத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டின்னு எங்களுக்கு உதாரணம் சொல்லித் தருவாங்க. அம்மாவோட உழைப்பு எந்த உதாரணத்துலயும் வந்ததே இல்லை.

பொருளாதார மேதைகளுக்கும் இது தெரியாம இல்லை. ஆர்தர் பிகூன்னு ஒரு இங்கிலீஷ்காரர். 1920-ல வந்த புத்தகத்துலயே இதைக் கவனிச்சு எழுதியிருக்கார். ஒருத்தர் தன் வீட்டுல சம்பளத்துக்கு வேலை பாக்குற அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா, நாட்டு வருமானம் குறைஞ்சுடும். வேலை அதே வேலைதான், சம்பளம் மட்டும் நின்னுபோச்சு, அதனால கணக்குல காணோம். நூறு வருஷம் தாண்டியாச்சு, எங்க வீட்டு அடுப்படியில இன்னும் அதே கணக்குதான்.

நம்ம நாட்டு அரசாங்கமே எடுத்த கணக்கு ஒண்ணு இருக்கு. 2024-க்கான நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடுற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிஷம் அதுக்குச் செலவு பண்றாங்க. ஈடுபடுற ஆண்கள் 88 நிமிஷம். 'ஈடுபடுற ஆண்கள்'னா, ஏதோ கொஞ்சமாவது வேலை செஞ்சவங்க மட்டும். நாற்காலியில உக்காந்து தீர்ப்பு சொன்னவங்க இந்தச் சராசரியில வரவே மாட்டாங்க. வித்தியாசம் 201 நிமிஷம். இது சாதாரண நாள் கணக்கு. டிசம்பர் 24-க்குன்னு தனியா ஒரு கணக்கெடுப்பு நடத்தினா பாதிப் பேரு தலையைக் குனிஞ்சுக்குவோம்.

குற்ற உணர்ச்சி விற்பனைக்கு

'சுலபமா செஞ்சா பாசம் கம்மி'ங்கற இந்த நினைப்பு நம்ம ஊருல மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுலயும் இதே பாட்டுதான்.

1930-கள்ல பிட்ஸ்பர்க்ல பி. டஃப் அண்ட் சன்ஸ்னு ஒரு கம்பெனி. சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுற கரும்புப் பாகு, அதான் மொலாசஸ், அது அவங்க வியாபாரம். அதை உலர்த்தி மாவோட கலந்து, தண்ணி ஊத்தினா கேக்குங்கற மாதிரி பாக்கெட் மாவு கொண்டுவந்தாங்க. முதல்ல முட்டையும் பொடியா உள்ளேயே இருந்துச்சு. 1935-ல வாங்கின அடுத்த காப்புரிமையில, இல்லத்தரசிகளுக்குப் பச்சை முட்டையை அவங்களே சேக்கறதுதான் பிடிக்குதுன்னு மாத்திட்டாங்க. அப்புறம் 1950-கள்ல எர்னஸ்ட் டிக்டர்னு ஒரு உளவியல்காரர் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்ல வந்தார். பாக்கெட் மாவுல கேக் செய்யற பெண்ணுக்கு உள்ளுக்குள்ள ஒரு குற்ற உணர்ச்சி இருக்கு, அவ கையாலயும் ஏதாவது செய்ய விடணும்ங்கறது அந்தக் கால விளம்பரக்காரங்க பேச்சு. (முட்டை சேக்கச் சொன்னதே டிக்டர்தான்னு இணையத்துல ஒரு கதை சுத்துது. 1935 காப்புரிமையைப் பாத்தா அது தப்புன்னு தெரியும்.)

மிச்ச நேரத்தை வச்சு அந்தப் பெண் என்ன செஞ்சா தெரியுமா? ஃப்ராஸ்டிங் செஞ்சா. கேக் சுலபமாயிடுச்சா, சரி, அப்ப மேல அலங்காரம் பண்ணு, பூ வரை, கோட்டை கட்டுன்னு விளம்பரமும் பத்திரிகையும் சொல்லிக் குடுத்துச்சு. ஒரு பக்கம் மிச்சமான வேலையை இன்னொரு பக்கம் ஏத்தியாச்சு. கொஞ்ச நேரம் காலை நீட்டி உக்காருன்னு யாரும் சொல்லலை.

அதனாலதான் நான் பார் மேல பூ வரையலை. கரண்டியோட பின்பக்கத்தால தடவினேன். கோடு கோணலா இருந்துச்சு. இருக்கட்டும்.

சரி, செய்யறது எப்படி?

எட்டு அங்குலச் சதுரத் தட்டு, 16 துண்டு. ஃப்ரிட்ஜுக்கு வெளியில வச்சு மிருதுவான வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 150 கிராம், ரெண்டையும் வெளுக்குற வரைக்கும் அடிங்க. இந்த ஒரு இடத்துல சோம்பல் கூடாது. சர்க்கரைத் துகள் வெண்ணெய்க்குள்ள காத்தைப் பிடிச்சு வைக்குது, அந்தக் காத்துதான் பின்னாடி பிஸ்கட்டை மிருதுவாக்கும். ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் வெனிலா. அப்புறம் மைதா 190 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன். மாவு போட்டதும் ஜாஸ்தி கிண்டாதீங்க, பரோட்டா மாதிரி இழுக்கும். நம்ம கடைகள்ல கிடைக்கிற மஞ்சள் வெண்ணெய்ல ஏற்கெனவே உப்பு இருக்கறதால தனியா உப்பு வேண்டாம்.

தட்டுல வெண்ணெய்த் தாள் விரிச்சு, மாவைக் கையால அமுக்கி, 175 டிகிரியில 20, 22 நிமிஷம். ஓரம் லேசா சிவந்தா எடுத்துடணும். நடு இன்னும் வேகலையோன்னு சந்தேகமா இருக்கும், ஆறினதும் இறுகிடும்.

இது ஏன் சுலபம்? தனித்தனி பிஸ்கட்டா போட்டா வெண்ணெய் உருகி மாவு பரவும், அதனால முதல்ல மாவைக் குளிர வைக்கணும், திரட்டணும், வெட்டணும், தட்டு தட்டா மாத்தணும். ஒரே தட்டுல போட்டா மாவு எங்கே பரவும்? தட்டோட சுவர் பிடிச்சு வச்சுக்குது. அச்சும் வேண்டாம், காவலும் வேண்டாம். அந்த 20 நிமிஷத்துல நான் ஒரு கம்பெனி லா பாடம் படிச்சேன். (பொய். ஃபோன் பாத்தேன்.)

ஃப்ராஸ்டிங்: வெண்ணெய் 60 கிராம், ஐசிங் சர்க்கரை 170 கிராம், பால் ஒரு டேபிள்ஸ்பூன். அடிச்சு, பிஸ்கட் நல்லா ஆறினப்புறம் தடவணும். முதல் தடவை நான் ஆறறதுக்கு முன்னாடியே தடவி, அது பாயசம் மாதிரி ஓடிப்போச்சு. நம்ம ஊருல டிசம்பர்லயும் வெயில் உண்டு, வெண்ணெய் உருகத் தயாராத்தான் இருக்கும். தடவினதும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜுல வச்சு அப்புறம் வெட்டுங்க.

செலவு: வெண்ணெய் 105, ரெண்டு சர்க்கரையும் 25, மைதா 10, முட்டை 7, வெனிலா, பேக்கிங் பவுடர், கரண்ட் எல்லாம் 13. மொத்தம் 160. துண்டு பத்து ரூபாய். (2025 செப்டம்பர் 22-லேர்ந்து வெண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 12-லேர்ந்து 5 சதவீதம் ஆச்சு.) லேபர்: என்னோட முக்கால் மணி நேரம், பாத்திரம் கழுவினதோட சேத்து. பாத்திரத்தை நான் கழுவினேங்கறதைத் தடித்த எழுத்துல படிக்கவும்.

"நம்ம பாரம்பரியம் என்னாகும்?"

வரும்னு தெரியும், வந்தாச்சு.

முதல் விஷயம், சூடான இரும்பு அச்சை மாவுல முக்கி எண்ணெயில பொரிக்கிற இதே பலகாரத்தை நார்வேயிலயும் ஸ்வீடன்லயும் கிறிஸ்துமஸுக்குச் செய்யறாங்க. தூத்துக்குடி மக்ரூன் மேல்நாட்டுப் பண்டம், பாதாமுக்குப் பதிலா முந்திரியைப் போட்டு நம்ம ஊர்க்காரங்க அதைத் தூத்துக்குடிப் பண்டம் ஆக்கிட்டாங்க. தலச்சேரியில மாம்பள்ளி பாபு கிறிஸ்துமஸ் கேக் செஞ்சது 1883-ல, ஒரு வெள்ளைக்காரர் கொண்டுவந்த கேக்கைப் பாத்து. இன்னைக்குக் கேக் இல்லாம கிறிஸ்துமஸ் உண்டா? எல்லாப் பாரம்பரியமும் ஒரு நாள் யாரோ ஒரு அத்தை முகத்தைச் சுளிச்ச புதுப் பண்டம்தான்.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். அச்சு முறுக்கை நிறுத்துன்னு நான் சொல்லலை. எங்க அம்மாவுக்கே அது பிடிக்கும். "முறுக்கு சுடாம கிறிஸ்மஸ் வந்தா என்னமோ மாதிரி இருக்கும்ல, தம்பி"ன்னு அவங்களே சொன்னாங்க. சரி, சுடுவோம். ஆனா 'சுடுவோம்'னா பன்மை. பாரம்பரியம் வேணும்ங்கறவங்க அச்சைக் கையில பிடிக்கணும். பெரியப்பா ஐம்பது, அப்பா ஐம்பது, நான் ஐம்பது, அம்மா ஐம்பது. யாருக்கு அந்த ஐம்பதுக்கு இடுப்பு வளையாதோ அவங்க 'கஷ்டப்பட்டு செஞ்சாத்தான் ருசி'ன்னு இனிமே பேசக்கூடாது. பாரம்பரியம் நாம எல்லாருக்கும் சொந்தம், வேலை மட்டும் அம்மாவுக்குச் சொந்தமா?

மூணாவது, பலகாரத் தட்டு. எதிர் வீட்டு அக்கா தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் தட்டு நிறைய கொண்டுவந்து குடுத்தாங்க. திருப்பிக் குடுக்கறப்ப நம்ம தட்டு இளைச்சுடக் கூடாதேங்கறதுதான் அத்தையோட உண்மையான பயம். அது நியாயமான பயம், நான் சிரிக்கலை. ஆனா அந்த அக்காவும் தீபாவளிக்கு முந்தின ராத்திரி தூங்கலைங்கறது அவங்க கண்ணைப் பாத்தாலே தெரிஞ்சுது. ரெண்டு வீட்டு அடுப்படியிலயும் ரெண்டு பேரு, ஒருத்தர் தட்டைப் பாத்து இன்னொருத்தர் பயந்துபோய் ராத்திரி முழுக்க முழிச்சிருக்காங்க. யாராவது ஒருத்தர் முதல்ல தட்டை லேசாக்கினா ரெண்டு பேருக்கும் விடுதலை. சோதனைக்கு நாலு பாரை அந்த அக்கா வீட்டுக்குக் குடுத்துப் பாத்தேன். "எப்படிடா செஞ்ச?"ன்னு கேட்டாங்க. முக்கால் மணி நேரம்னு சொன்னேன். "எழுதிக் குடு"ன்னாங்க.

கடைசியா ஒண்ணு. சர்ச்சுக்குப் போறவங்க எல்லாருக்கும் மார்த்தாள் மரியாள் கதை தெரியும். ஒருத்தி சமையல்ல பரபரன்னு ஓடுறா, இன்னொருத்தி உக்காந்து கேட்கிறா. உக்காந்து கேட்டவதான் நல்ல பங்கைத் தெரிஞ்சுக்கிட்டான்னு வருஷா வருஷம் பிரசங்கம் கேட்கிறோம். தலையை ஆட்டுறோம். வீட்டுக்கு வந்ததும், "மார்த்தாள், பிரியாணி ஆச்சா?"ன்னு கேட்கிறோம். நம்ம வீட்டு மரியாள்களுக்கு உக்கார நேரம் எங்கே இருக்கு?

இந்த வருஷத்துக்கு எங்க வீட்டுல எட்டின ஒப்பந்தம் இது: அச்சு முறுக்கு மட்டும், எல்லாரும் முறை வச்சு. முந்திரிக்கொத்து கடையிலேர்ந்து. அதிரசம் கிடையாது. பார் நாலு தட்டு, என் பொறுப்பு. 24-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு அணைக்கணும். பெரியப்பா இன்னும் கையெழுத்துப் போடலை. அத்தை, "முதல்ல நீ அம்பது சுடு பாப்போம்"னு சொல்லியிருக்காங்க. சவாலை ஏத்துக்கிட்டேன், பர்னால் வாங்கி வச்சாச்சு.

25-ஆம் தேதி விடியக்காலம் எங்க அம்மா பாடகர் குழுவோட நின்னு பாடணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுக்கு ஒரு பலகாரத் தட்டு கொஞ்சம் இளைச்சுப்போனா போகட்டும்.

பி.கு.: உங்க வீட்டுல 24 ராத்திரி அடுப்படியில யார் நின்னாங்க, ஹால்ல யார் உக்காந்திருந்தாங்கன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. கிறிஸ்துமஸ் இல்லைன்னா தீபாவளி, ரம்ஜான், பொங்கல், எதுவா இருந்தாலும் சரி. லேபர் பத்தியில பூஜ்யம் வந்தா, கணக்கு தப்பு.